பாலூட்டுவோரும் வளர்ப்போரும்

தாயை இழந்த காட்டு விலங்கின் குட்டியொன்றை எடுத்து வந்து, பசியாற்றி, நோய்க்கு மருந்து கொடுத்து, உடல் தேறியதும் காட்டிலே கொண்டுபோய் விட்டுவிட்டால் மீட்புப் பணி நிறைவேறிவிட்டது என்று நினைப்பது இயல்பே; ஆப்பிரிக்காவில் இப்பணியை முதன்முதலில் மேற்கொண்டவர்களில் பலரும் அவ்வாறுதான் நினைத்தார்கள். சில பிராணிகளின் விஷயத்தில் அந்த நினைப்பு ஏறக்குறையச் சரியாகவே அமைந்தது. வேறு சிலவற்றின் விஷயத்திலோ, உடம்பைக் காப்பாற்றிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பதை அவர்கள் மிகுந்த துக்கத்தோடு கற்றுக்கொள்ள நேர்ந்தது. ஒரு ஜீவன் தன் வாழ்க்கைக்கு வேண்டிய அறிவில் எவ்வளவைப் பிறக்கும்போதே கொண்டு வருகிறது, எவ்வளவைத் தன் இனத்தாரிடமிருந்து பெறுகிறது என்ற பழைய கேள்விக்கு இந்த மீட்பு விடுதிகள் அளித்திருக்கும் விடைகள், அங்கே வளர்ந்த குட்டிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானவை என்பது என் அபிப்பிராயம்.

எளிதான உதாரணத்தை முதலில் சொல்லிவிடலாம். 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்கு அப்பால், ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடைப்பட்ட கடலில் ‘ட்ரெஷர்’ என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, அதன் எரிஎண்ணெய் நீரின்மேல் பரவியபோது, ஏறத்தாழ 19,000 பெங்குவின்கள் அந்த எண்ணெயில் தோய்ந்து கரைசேர்ந்தன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் கழுவினார்கள்; மீனைக் கையாலேயே வாயில் ஊட்டினார்கள். எண்ணெய் படாத இன்னும் சுமார் 19,500 பறவைகளைத் தீவுகளிலிருந்து பிடித்து, கிழக்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட் எலிசபெத் அருகே கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை நீந்தித் திரும்புவதற்குள் தீவுகளைச் சூழ்ந்த கடல் தூய்மையாகிவிடும் என்பது கணக்கு. பீட்டர், பெர்சி, பமீலா என்று பெயரிடப்பட்ட மூன்று பறவைகளின்மேல் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் சிறு கருவிகள் பொருத்தப்பட்டிருந்தபடியால், அவை கரையோரமாக மேற்கு நோக்கித் திரும்பிவருவதை ஜனங்கள் நாள்தோறும் தேசப்படத்தில் பார்த்தார்கள். வழியை அவற்றுக்கு எவரும் காட்டவில்லை. கழுவி விடுவது மாத்திரமே மனிதன் செய்ய வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் பறவைக்குத் தெரிந்திருந்தது.

சிங்கத்துக்கு அவ்வளவு போதாது. ஜார்ஜ் ஆடம்சன் 1956-இல் கென்யாவில் ஒரு பெண் சிங்கத்தைச் சுட நேர்ந்து, அதன் மூன்று குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் எல்ஸா என்ற குட்டியை அவரும் மனைவி ஜாயும் வளர்த்துக் காட்டுக்குத் திருப்பிய வரலாறு உலகம் அறிந்தது. இரையைத் துரத்தும் உந்துதல் எல்ஸாவுக்குப் பிறவியிலேயே இருந்தது; அதைப் பயன்படுத்தும் பழக்கம்தான் இல்லை. பல மாதப் பயிற்சியில் அந்தப் பழக்கம் வந்தது. பின்னர் அது தானே இணை தேடிக் குட்டிகளும் ஈன்றது. 1961-இல் உண்ணியால் பரவும் நோயொன்றில் இறந்தது.

யானையோ இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. இருபத்திரண்டு மாதம் கருவில் இருந்து, ஏறக்குறைய நூறு கிலோ எடையோடு பிறக்கும் யானைக்கன்று, பார்வைக்குப் பெரிதாயினும் மிகவும் நிராதரவான சிசுவே ஆகும். தன் தும்பிக்கையை என்ன செய்வதென்றே அதற்கு முதல் சில மாதங்களில் தெரிவதில்லை. தானே அதை மிதித்துத் தடுமாறும். வாயிலே வைத்துச் சூப்பும். இரண்டு வயது வரையில் பாலின்றி அது பிழைக்காது; அதன் பிறகும் நெடுநாள் பாலை முழுவதும் விட்டுவிடுவதில்லை. நம் பழைய கூட்டுக் குடும்பத்தில் பிறந்த குழந்தை எப்படித் தாயின் மடியைவிடப் பாட்டி, அத்தை, அக்காள் ஆகியோரின் இடுப்பிலேயே அதிகம் வளர்ந்ததோ, அப்படியே யானைக்கன்றும் தாய், தாயின் சகோதரிகள், மூத்த பெண்கள் ஆகியோர் அடங்கிய குடும்பத்தின் நடுவே, எல்லோருடைய கால்களுக்கிடையிலும் புகுந்து வளர்கிறது. கென்யாவின் அம்போசெலியில் 1972 முதல் சிந்தியா மாஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் தனித்தனி யானைகளை அடையாளங்கண்டு, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து செய்துவரும் ஆராய்ச்சியினால் இந்த வாழ்க்கை முறை நமக்கு விரிவாகத் தெரியவந்திருக்கிறது. குடும்பத்தை நடத்திச் செல்பவள் வயதில் மூத்த பிடி. வறட்சிக் காலத்தில் எந்த நீர்நிலை வற்றாது, எந்தக் குரல் அந்நியக் குரல், எதற்கு ஒன்றுகூடி நிற்க வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பதெல்லாம் அவளுடைய நினைவில் இருக்கின்றன.

ஆப்பிரிக்காவில் இத்தனை கன்றுகள் அநாதைகளாவதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. நம் நாட்டு யானைகளில் களிறுகளுக்கு மட்டுமே தந்தம் உண்டாதலால், தந்தத்துக்காகக் கொல்லுவோர் களிறுகளையே குறிவைத்தார்கள்; பெரியாறு வனத்தில் ஒரு காலத்தில் வளர்ந்த பிடிகள் நூற்றுக்குக் களிறு ஒன்று என்ற நிலை ஏற்பட்டதும் அதனால்தான். ஆப்பிரிக்க யானைகளிலோ பிடிகளுக்கும் தந்தம் உண்டு. முதிர்ந்த பிடிகளுக்கு அது நீண்டிருக்கும். ஆகவே அங்கே வேட்டைக்காரனின் துப்பாக்கி குடும்பத்தின் தலைவியையும் நாடியது. அவள் விழுந்ததும் மற்றவை சிதறி ஓடாமல் அவளைச் சூழ்ந்து நிற்பது யானையின் சுபாவம்; அந்தச் சுபாவமே அவற்றையும் பலிவாங்கியது. தந்தமில்லாத கன்று மட்டும் விட்டுவைக்கப்படும். இதைத் தவிர, வறட்சியில் தாயின் பால் வற்றிப்போவதாலும், கால்நடைகளுக்காகத் தோண்டிய கிணறுகளில் விழுவதாலும், சுருக்குக்கம்பிகளில் சிக்குவதாலும், விளைநிலத்தில் மனிதரோடு நேரும் மோதல்களாலும் கன்றுகள் தனித்துப் போகின்றன.

இத்தகைய கன்றுகளுக்குப் பாலூட்டும் வழியைக் கண்டுபிடித்தவர் டாப்னி ஷெல்ட்ரிக். கென்யாவிலேயே 1934-இல் பிறந்தவர். சாவோ கிழக்குத் தேசிய வனப்பூங்கா 1948-இல் அமைந்த காலம் முதல் அதைப் பரிபாலித்த டேவிட் ஷெல்ட்ரிக்கின் மனைவி. அவர்களிடம் வந்துசேர்ந்த கன்றுகளில், சற்று வளர்ந்து தழை தின்னத் தொடங்கியவை பிழைத்தன; எலினார் என்ற பிடி அவ்வாறு பிழைத்து வளர்ந்து, பின்னால் வந்த கன்றுகளுக்கெல்லாம் வளர்ப்புத் தாயாக விளங்கியது. ஆனால் பால் மறவாத இளங்கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. பசும்பாலைக் கொடுத்தால் பேதி கண்டு, சில நாளில் உடல் ஒடுங்கிப் போகும். நீர்த்துக் கொடுத்தாலும், கொழுப்பை நீக்கிக் கொடுத்தாலும் பயனில்லை. பல ஆண்டுகளாக அந்த அம்மையார் ஒரு கலவையை விட்டு இன்னொரு கலவையாகச் சோதித்துக்கொண்டே இருந்தார். சோதனை ஒவ்வொன்றின் முடிவிலும் பெரும்பாலும் ஒரு குழி தோண்ட வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதுதான் அந்த விடாமுயற்சியின் அருமை நமக்கு விளங்குகிறது.

கடைசியில் விடையாகக் கிடைத்தது தேங்காய் எண்ணெய். மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவில், பசும்பாலின் கொழுப்புக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயின் கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது கன்று அதை ஏற்றுக்கொண்டது. இதன் காரணத்தை ரசாயனம் தெளிவாகவே சொல்லுகிறது. யானைப்பாலின் கொழுப்பில் காப்ரிக் அமிலம், லாரிக் அமிலம் எனப்படும் நடுத்தர நீளமுள்ள கொழுப்பமிலங்கள் மிகுதியாக உள்ளன. பசும்பாலில் அவை சொற்பம். தேங்காய் எண்ணெயிலோ ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலமே. அனுபவத்தின் மூலம் அந்த அம்மையார் சென்றடைந்த இடமும், பகுப்பாய்வின் மூலம் சாஸ்திரம் சுட்டிய இடமும் ஒன்றாக இருந்தன.

அந்தப் பாலால் முதலில் தழைத்த கன்று ஆயிஷா, 1974-இல் வந்தது. பிறந்து சில நாளே ஆன அந்தச் சிசு, மாதங்கள் செல்லச் செல்லச் செழித்து வளர்ந்து, டாப்னியை விட்டு ஒரு கணமும் பிரியாதிருந்தது. அதற்கு ஆறு மாதம் ஆகியிருந்தபோது, மகளின் திருமணத்தை முன்னிட்டு அவர் சில நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. பாலும் அதே பால். கொடுத்த முறையும் அதுவே. ஆயினும் ஆயிஷா ஆகாரத்தை மறுத்தது. அவர் திரும்பி வந்த பிறகும் தேறாமல் இறந்தது. நோயென்று சொல்ல எதுவும் தென்படவில்லை. துயரத்தால் இறந்தது என்று டாப்னி முடிவு செய்தார். யானையின் மனத்தில் நிகழ்வதை நாம் நேரில் அறிய இயலாதாகையால், சாஸ்திரம் இங்கே சற்றுத் தயங்கித்தான் பேசும். ஆனால் அந்த முடிவை ஏற்று அவர் தம் முறையை மாற்றிக்கொண்டதன் பலன் கண்கூடானது. கன்று ஒருவரையே தாயாகக் கொள்ளும்படி விடலாகாது. பலரைக் குடும்பமாகக் கொள்ளும்படி வளர்க்க வேண்டும் என்பது அன்றுமுதல் விதியாயிற்று.

டேவிட் 1977-இல் காலமான பின்பு அவர் பெயரால் தோன்றிய ஸ்தாபனம் நைரோபி தேசிய வனப்பூங்காவின் ஓரத்தில் நடத்திவரும் விடுதியில் இந்த விதியின் நடைமுறையைக் காணலாம். தூரத்துப் பிரதேசத்தில் மீட்கப்பட்ட கன்று, கால்கள் கட்டப்பட்டு, தார்ப்பாயில் கிடத்தப்பட்டு, காதின் பின்புறத்து ரத்தக் குழாயில் சலைன் ஏறியவண்ணம், சிறு விமானத்தில் வந்து சேருகிறது. இரவும் பகலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். கன்று பால் குடிக்கும்போது தும்பிக்கையைத் தாயின் வயிற்றின்மேல் சார்த்திக்கொள்ளும் வழக்கமுடையது. சார்த்த ஒன்றும் இல்லையென்றால் குடிக்க மறுக்கும். எனவே இரண்டு மரங்களுக்கிடையில் சாம்பல் நிறக் கம்பளியொன்றைத் தொங்கவிட்டு, அதன் விளிம்புக்குக் கீழே பால்புட்டியை நீட்டுகிறார்கள். கன்று கம்பளியில் தும்பிக்கையை அழுத்தி, கண்ணை அரைவாசி மூடி, மடமடவென்று குடிக்கிறது. தாயின் நிழல் இல்லாமையால் அதன் மெல்லிய காதுகள் வெயிலில் வெந்துபோகும். அதற்குக் களிம்பு தடவுகிறார்கள். குளிரில் நுரையீரல் நோய் வராதபடி முதுகில் போர்வை கட்டுகிறார்கள். இரவில் ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு காப்பாளர் உயரமான பலகைக் கட்டிலில் படுத்திருக்க, கன்று நள்ளிரவில் தும்பிக்கையை நீட்டி அவர் இருக்கிறாரா என்று தடவிப் பார்த்துக்கொள்ளும். மறுநாள் இரவு அந்தக் கொட்டிலில் வேறொருவர் படுப்பார். எந்தக் கன்றும் எந்த மனிதரும் ஒருவருக்கொருவர் தனியுரிமை ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுகிறார்கள்.

தாய் கொல்லப்பட்டதைக் கண்ட கன்று, வந்த புதிதில் மனிதரைக் கண்டாலே மோதும். அந்த அச்சத்தைப் போக்குவது பெரும்பாலும் காப்பாளரின் திறமையன்று. பக்கத்துக் கொட்டிலில் அமைதியாக நிற்கும் மற்றொரு கன்று கம்பிகளினூடே தும்பிக்கையை விட்டு அதன் முகத்தையும் வாயையும் தடவுவதும், பகலில் வெளியே விட்டதும் மூன்று நான்கு வயதே ஆன பெண் கன்றுகள் அந்தப் புதிய வரவைச் சூழ்ந்துகொண்டு விலகாமல் நடப்பதுமே அதைத் தேற்றுகின்றன. தாயை இழந்த குழந்தையை வளர்ப்பது தாயை இழந்த இன்னொரு குழந்தை. இதை முதன்முதல் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

மூத்தோர் எவருமே இல்லாமல், உடம்பு மட்டும் காப்பாற்றப்பட்ட யானைகள் என்ன ஆகும்? அதற்கு விடை தென்னாப்பிரிக்காவிலே, எவரும் திட்டமிடாத ஒரு பரிசோதனையாகக் கிடைத்தது. க்ரூகர் தேசிய வனப்பூங்காவில் யானைகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று கருதி, 1967 முதல் 1994 வரை அவற்றைச் சுட்டுக் குறைத்து வந்தார்கள். பெரிய யானைகளை ஏற்றிச் செல்லும் வசதி நெடுங்காலம் இல்லாமையால், குடும்பத்தைச் சுட்டு வீழ்த்தி, எஞ்சிய இளங்கன்றுகளை மட்டும் வேறு வனங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று பிலானெஸ்பெர்க். அங்கே கன்றுகள் நன்றாகவே வளர்ந்தன. புல்லும் நீரும் குறைவில்லை. வேட்டை பயமும் இல்லை. ஆனால் 1992 முதல் 1997 வரையில் அந்த வனத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டுக் கிடந்தன. கொன்றவை அந்த வனத்தின் இளங்களிறுகள்.

ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் மதம். இயல்பான யானைச் சமூகத்தில் களிறுக்கு மதம் முறையாகப் பிடிப்பது இருபத்தைந்து வயதுக்கு மேல். தொடக்கத்தில் சில நாளே நீடிக்கும். தன்னைவிடப் பெரிய களிறு மதத்தோடு எதிர்ப்பட்டால் இளையதன் மதம் வடிந்துவிடுவதும் உண்டு. பிலானெஸ்பெர்க்கில் அடக்குவதற்கு எந்த மூத்த களிறும் இல்லை, பதினெட்டு வயதிலேயே மதம் பிடித்தது, மாதக்கணக்கில் நீடித்தது. 1998-இல் க்ரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த களிறுகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். இளையவற்றின் மதம் ஒடுங்கியது. காண்டாமிருகக் கொலையும் நின்றது. வேலியோ, துப்பாக்கியோ, மருந்தோ சாதிக்காததை ஆறு மூத்தோரின் இருப்பு சாதித்தது. இந்த முடிவு 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

வெறி அடங்கியதே தவிர, இழந்த கல்வி திரும்பவில்லை. கிரேம் ஷானன், கேரன் மக்கோம்ப் முதலிய ஆராய்ச்சியாளர் அம்போசெலி யானைகளுக்கும் பிலானெஸ்பெர்க் யானைகளுக்கும் ஒலிபெருக்கி மூலம் வெவ்வேறு யானைகளின் குரல்களைக் கேட்கச் செய்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அம்போசெலிக் குடும்பங்கள் அந்நியக் குரல் கேட்டதும் ஒன்றுகூடி நின்றன. குரல் முதியவளுடையதா இளையவளுடையதா என்பதற்கேற்ப எச்சரிக்கையைக் கூட்டிக் குறைத்தன. பிலானெஸ்பெர்க் யானைகளுக்கு அந்தப் பாகுபாடு தெரியவில்லை. குடும்பத்தை இழந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும், அவை கன்று ஈன்று பெருகியும், மூத்தோர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது அவற்றிடம் இல்லாமலேயே இருந்தது.

நைரோபியில் வளர்ந்த கன்றுகளுக்கு இந்தக் கதி நேராமைக்குக் காரணம், அவை சென்றுசேரும் இடம். ஏறக்குறைய மூன்று வயதானதும் அவற்றைச் சாவோ பிரதேசத்தில் உள்ள வோய், இத்தும்பா ஆகிய இடங்களுக்கோ, கிப்வேசி வனத்துக்கோ அனுப்புகிறார்கள். கென்யாவில் யானைகள் மிக அதிகமாக வாழும் பிரதேசம் சாவோ. பகலில் காப்பாளரோடு புதரிலே திரியும் கன்றுகளைக் காட்டு யானைகள் நெருங்கி முகர்கின்றன. முதலில் சில நிமிஷம், பிறகு சில மணி நேரம் கூடவே மேய்கின்றன. ஒரு நாள் மாலை கன்று கொட்டிலுக்குத் திரும்புவதில்லை, மறுநாள் வரும், பிறகு வாரக்கணக்கில் வராது. அவசரப்படுத்துவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. முழு விடுதலைக்குப் பத்து வயது வரையிலும் ஆகலாம். முலிகா என்ற பிடி இவ்வாறு காடேகி, 2011-இல் ஈன்ற கன்றைத் தானே இத்தும்பாவுக்கு அழைத்துவந்து காப்பாளர் முன் நின்றது. நச்சு அம்பு பாய்ந்த காட்டுக் களிறுகள், அங்கே வளர்ந்த யானைகளோடு சேர்ந்து வந்து நின்று, மருத்துவரால் சிகிச்சை பெற்றுச் சென்ற சம்பவங்களும் உண்டு. அவை அறிந்தே வந்தனவா என்று சாஸ்திரம் துணிந்து கூறாது.

கென்யாவின் வடக்கே, சம்புரு மக்கள் தாங்களே 2016-இல் தொடங்கிய ரெதெத்தி விடுதியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பால்மாவை நம்பியிராமல், சுற்றுப்புறத்துப் பெண்களிடம் ஆட்டுப்பால் வாங்கிக் கன்றுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆட்டுப்பாலின் கொழுப்பில் முன்சொன்ன நடுத்தர அமிலங்கள் பசும்பாலைவிட அதிகம். கன்றுகளும் தேறின, ஆடு மேய்க்கும் வீடுகளுக்கு யானை வருமானம் தரும் ஜீவனும் ஆயிற்று.

இனி, இப்பணியால் யானையினம் காப்பாற்றப்படுமா என்ற கேள்வி. கென்யாவில் 1970-களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த யானைகள் 1989-இல் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கின. அந்த ஆண்டில்தான் சர்வதேசத் தந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் முடிவு எடுக்கப்பட்டது. கென்யாவும் கைப்பற்றி வைத்திருந்த 12 டன் தந்தத்தைத் தீயிட்டது. 2016-இல் மீண்டும் 105 டன் எரிக்கப்பட்டது. 2021-இல் எடுத்த கணக்கெடுப்பில் யானைகள் 36,280. ஷெல்ட்ரிக் ஸ்தாபனம் இத்தனை ஆண்டுகளில் வளர்த்து ஆளாக்கியவை சுமார் முந்நூறு. எண்ணிக்கை உயர்ந்தது தடையாலும் வனக்காவலாலுமே அன்றிப் பால்புட்டியால் அல்ல. வளர்ந்த முந்நூறும் வீணல்ல; அவற்றில் ஒவ்வொரு பிடியும் அறுபது வயது வரை வாழ்ந்து ஒரு குடும்பத்தை நடத்தக் கூடியது. ஆயினும் ஆப்பிரிக்க யானைகளுக்காகப் பொருளுதவி செய்ய விரும்பும் அன்பர்கள், மூத்த பிடியை உயிரோடு வைத்திருக்கும் வனக்காவலருக்கு முதலில் கொடுங்கள், கன்றின் பாலுக்கு அதன் பின் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.